மா வெடிக்குமா

மூக்கன் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டத் தொடங்கி இன்றோடு மூன்று நாள். வீட்டுக்குள் உட்கார்ந்து தீட்டினாலாவது ஒரு மறைவு இருந்திருக்கும். அவன் பீலிக்கரையில், லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கல்லை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோட்டத்தில் கவ்வாத்து போன மாதமே முடிந்துவிட்டது. தேயிலைக் கட்டையை ஒரே வீச்சில் சாய்க்கிற கத்திக்கு இப்போது வேறு வேலை இல்லை. அது யாருக்கு என்று பன்னிரண்டு காம்பரா வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெண்சாதியைப் பறிகொடுத்து ஆறு நாள் ஆனவனிடம் போய் யார் கதைப்பது?

தீட்டுகிற சத்தம் லயத்தின் கடைசிக் காம்பரா வரை கேட்டது. அங்கே செல்லசாமி பாயில் கிடந்தார். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. முகத்தின் வலது பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது. மகள் கிருஷாந்தி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தீட்டுறானா?"

"ஆமாப்பா."

"கத்தி அவ்வளவு மொக்கையாவா இருந்திச்சி?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

அம்மா அம்மாக்கண்ணுவுக்கு இந்த நேரத்துப் பகிடி பிடிக்கவில்லை. "கதவப் பூட்டிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவம். வட்டகொடையில யாரு தேடி வரப் போறா?"

"போறதுன்னா நீங்க போங்க. நா எங்கயும் வரல. அவன் எடத்துல நா இருந்தா நானும் தீட்டத்தான் செய்வேன்."

கிருஷாந்தி அடுத்த கரண்டியை நீட்டினாள். அவள் கொப்பியில் எழுதிவைத்திருந்த ஒன்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. 

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் இவர்களுடைய தோட்டத்துப் பழைய ஸ்டோர் இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே யாரும் தொழிற்சாலை என்பதில்லை, ஸ்டோர்தான். கொழுந்தை வேறு தோட்டத்துக்கு ஏற்றத் தொடங்கிய பிறகு பதினைந்து வருஷம் அது குளவி கட்டிக் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்தவன் முஹ்ஸின். மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கிற மீராசாஹிபின் மகன். வாப்பா ஆயுள் பூராவும் பொலித்தீன் பை விற்றவர். மகன் அந்தப் பாவத்தைக் கழுவ வந்தவன்போல, மண்ணில் மக்கிப்போகிற பை செய்யப் புறப்பட்டான்.

மரவள்ளி மாவையும் கிளிசரினையும் வெளிநாட்டிலிருந்து மணி மணியாக வருகிற ஒருவகைப் பொலியெஸ்டரையும் சேர்த்து இயந்திரத்தில் உருக்க வேண்டும். உருகிய பிசின் ஒரு வளையத்தின் வழியாகப் பலூனாக ஊதிக்கொண்டு மூன்று ஆள் உயரம் எழும். உச்சியில் இரண்டு உருளைகள் அதைத் தட்டையாக்கிக் கீழே இறக்கிச் சுருட்டும். பால் நிறத்தில், தொட்டால் வழவழவென்று இருக்கும். அதிலிருந்துதான் சோறு கட்டுகிற லஞ்ச் ஷீட்டும் தேயிலைக் கன்றுப் பையும். கன்றைப் பையோடு குழியில் வைத்துவிடலாம். கொஞ்ச மாதத்தில் பையும் மண்ணாகிவிடும். கிருஷாந்தி உயர்தர வகுப்பு வரை படித்தவள் என்பதால் அவளைக் கொழும்புக்கு அனுப்பி மூன்று வாரம் பயிற்சி கொடுத்தான். வந்ததும் இயந்திரம் அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள், எல்லாம் நேற்று வரை கொழுந்து பறித்தவர்கள். மூக்கனின் மனைவி லெட்சுமி அதில் ஒருத்தி.

கொழும்புக்காரன் சொல்லித் தராத ஒன்று இங்கே உண்டு. அது பனிமூட்டம். காலையில் கதவைத் திறந்தால் ஆளுக்கு முன்னால் அது உள்ளே வரும். மாவு அதைக் குடித்துவிடும். ஈரமான மாவைப் போட்டால் பலூன் கண் கண்ணாக ஓட்டை விட்டு நடுவிலே கிழியும். கிழிந்த சூட்டுப் பிசின் கீழே நிற்கிறவர்களின் தோளில் விழும். ராணி என்ற பெண்ணுக்குக் கழுத்தில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. மாவைக் காயவைக்க வாங்கிய கரண்ட் பெட்டி ஒரு நாளைக்கு அரைச் சாக்கைத்தான் காயவைக்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. கன்றுப் பைக்குச் சொல்லிவைத்த தோட்டங்கள் திட்டின. முஹ்ஸினுக்குப் பாதி முடி கொட்டிப்போனது.

அப்போதுதான் செல்லசாமி வந்து நின்றார். முப்பத்தெட்டு வருஷம் அந்த ஸ்டோரில் விறகு நெருப்பால் கொழுந்து காயவைக்கிற ட்ரையர்காரராக இருந்தவர். வாட்டிய கொழுந்தைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு கை மாவை இறுக்கிப் பிடித்து, விரித்து, உடைந்ததைப் பார்த்தார்.

"ஈரம் நிக்கிதுங்க மொதலாளி. என்னோட ட்ரையர் அங்க சும்மாதானே கெடக்கு. வெறக மட்டும் குடுங்க. ஒங்க மாவ நா காயவச்சித் தாறேன்."

என்னோட ட்ரையர் என்றார். தோட்டம் அவருடையதில்லை, ஸ்டோர் அவருடையதில்லை, ட்ரையர் மட்டும் அவருடையது. துருப்பிடித்த தட்டுகளைத் தேய்த்து, பழைய வேட்டி விரித்து, சூட்டுக் காற்றைப் பாதியாகக் குறைத்து ஒரு வாரத்தில் காயவைத்துக் கொடுத்தார். பலூன் ஒரு கண்கூட இல்லாமல் நிமிர்ந்து நின்றது. முஹ்ஸின் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து செல்லசாமி காக்கிக் களுசான் போட்டுக்கொண்டு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். இருபது வயது குறைந்த மாதிரி நடந்தார்.

தேத்தண்ணி நேரத்தில் ஒருநாள் கிருஷாந்தி அதைச் சொன்னாள். பயிற்சியில் ஒரு ஐயா சொன்னது. மாத்தூசி பறக்கிற இடத்தில் நெருப்பு இருக்கவே கூடாது, காற்றோடு கலந்தால் வெடிக்கும் என்று மூன்று தரம் சொன்னார். அவள் அதைக் கொப்பியிலும் எழுதியிருந்தாள்.

"கொழும்புல ஒன்னு சொன்னாங்க. மா தூசி வெடிக்குமாம்."

லெட்சுமிதான் முதலில் சிரித்தாள். "மா வெடிக்குமா? அப்ப காலைலயும் அந்திலயும் நாங்க அடுப்புல குண்டா சுடுறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ரொட்டி தின்று வளர்ந்த சனம், அடுப்பு வாயில் உட்கார்ந்து மா பிசைந்து காய்த்த கைகள். அவர்களிடம் போய் மா வெடிக்கும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

"முப்பத்தெட்டு வருசம் தேயிலத் தூசிக்குள்ள நின்னேன். தும்மல்தான் வந்திச்சி" என்றார் செல்லசாமி.

"மா வெடிக்கிதெண்டா எங்கட உம்மா எப்பயோ மௌத்தாகி ஈப்பாங்க" என்றான் முஹ்ஸின்.

கிருஷாந்தியும் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அந்தக் காக்கிக் களுசானைப் பார்த்தாள், கொப்பியை மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு லெட்சுமி தினமும் காலையில் வாசலிலேயே கேட்பாள், "என்னா கிருஷா, குண்டு சுட்டாச்சா?" என்று. அவளும், "ரெண்டு குண்டு, கட்டச் சம்பலோட" என்று பதில் சொல்வாள். நான்கு மாதம் இப்படிப் போனது.

மாவு வந்த வெள்ளைச் சாக்குகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கமாகிவிட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் தேயிலைச் செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்குக்கு அதைப்போல வசதி வேறில்லை. கெட்டி, நனையாது. "சும்மா குப்பையில போடுறதுக்கு நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க" என்று முஹ்ஸின்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை கூட்டிப் பெருக்குகிற நாள். அன்று சாக்கு உதறுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லெட்சுமி தன் மாமியாருக்காக மூன்று சாக்கு எடுத்தாள். வெளியே மழை. ட்ரையர் பக்கத்தில்தான் கதகதப்பு. அங்கே தூணில் சாக்கை ஓங்கி ஓங்கி அடித்தாள். வெள்ளைப் புகையாகக் கிளம்பியது. செல்லசாமி விறகு போடுவதற்காக ட்ரையரின் அடுப்புக் கதவைத் திறந்தார்.

இயந்திரத்தருகே நின்ற கிருஷாந்தி பார்த்தாள். அந்த வெள்ளை மஞ்சளாக மாறியது, அவ்வளவுதான். லெட்சுமியைச் சுற்றியிருந்த காற்றே தீப்பற்றியது. அடுத்த கணம் நெஞ்சில் உதைத்த மாதிரி ஒரு தள்ளு. அந்தத் தள்ளில் நான்கு மாதமாகக் கூரை பீமில் படிந்திருந்த மா முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அதன் பிறகு வந்ததுதான் வெடி. கூரைத் தகரம் தோட்டத்துக்குள் பறந்தது. ஜன்னல் கண்ணாடி மூன்று பேருடைய முகத்தைக் கிழித்தது. பலூன் எரிந்துகொண்டே இறங்கி நான்கு பெண்களின் தலையில் போர்த்தியது. அவர்கள் அதைப் பிய்த்தால் தோலும் வந்தது.

லெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். அதுதான் கிருஷாந்தியால் மறக்க முடியாதது. எரிந்துகொண்டு நேராக நின்றாள். செல்லசாமி நெருப்புக்குள் போய் அவளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அவளுடைய கைத்தோல் அவருடைய உள்ளங்கையோடு கழன்று வந்தது. முஹ்ஸின் ஈரச் சாக்கைப் போட்டு அவளை உருட்டினான். அவள் கத்தவில்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். பெட்டியை ஆணி அடித்துத்தான் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டச் சொல்லி மூக்கன் பெட்டியைக் கையால் குத்தினான், விரல் முட்டி கிழிகிற வரை குத்தினான். சாவுக்கு வந்த முஹ்ஸினின் வேனைப் பொடியன்கள் கல்லால் அடித்தார்கள். மூக்கன் அவனை வேனுக்குள்ளிருந்து இழுத்துப் போட்டு விலாவில் மிதித்தான். ஐந்து பேர் பிடித்து இழுத்துத்தான் நிறுத்த முடிந்தது. யாரோ அந்த நேரம் பார்த்து, "கதவத் தொறந்தது செல்லசாமிதானே" என்று சொல்லிவைத்தார்கள். மிதிப்பதை நிறுத்திவிட்டு மூக்கன் அதைக் காதில் போட்டுக்கொண்டான்.

இன்று கஞ்சி ஊட்டி முடிந்த நேரத்தில் முஹ்ஸின் வந்தான். நெற்றியில் தையல். ரோட்டால் வராமல் தேயிலைக்குள் புகுந்து வந்திருந்தான். சேறு முழங்கால் வரை.

"இரிங்க மொதலாளி" என்றாள் அம்மாக்கண்ணு. தேத்தண்ணி ஊற்றக் கை போனது, பிறகு நின்றது.

"வாணாம். தங்கச்சி, நாளைக்கி பொலிஸில வாக்குமூலம். ஓங்களுக்குத்தான் சிங்களம் தெரியும், ஓங்களத்தான் கேப்பாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "லெட்சுமி யாருக்கும் தெரியாம சாக்கு எடுக்கப் போனா, அத அடிக்கப் போய் இது நடந்திச்சி எண்டு சொல்லுங்க. ட்ரையரப் பத்திக் கதைக்கவே வாணாம்."

"எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னது நீங்கதானே?"

"நான்தான். இல்லண்டு சொல்லல்ல. ஆனா இப்பிடிச் சொன்னா ஓங்கட வாப்பாக்கு ஒண்டும் வராது. ஸ்டோர் தப்பும். பதிமூணு பொம்புளயள்ட சோறு தங்கச்சி. மௌத்தானவங்கள யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க."

சொல்லிவிட்டு அழுதான். கெட்டவனாக இருந்திருந்தால் கிருஷாந்திக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். தீக்குள் ஓடியவர்களில் அவனும் ஒருவன். அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் வந்த வழியே போனான்.

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் சுவர் உண்டு, ஆனால் சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் நூறு வயசு என்பார்கள். கால் மணி நேரம் ஆகவில்லை. பீலிக்கரையில் தீட்டுகிற சத்தம் நின்றது.

அம்மாக்கண்ணு ரொட்டிக்கு மாவைத் தட்டில் கொட்டியிருந்தாள். அடுப்பு நன்றாகப் பற்றிவிட்டிருந்தது. கதவு உதை வாங்கித் திறந்தது.

"எம் பொண்டாட்டி களவாணியா?" மூக்கனின் குரல் சத்தமாக இல்லை. "கேக்குறேன். அவ சாக்கு களவெடுத்தாளா?"

"யாருப்பா அப்பிடிச் சொன்னா, நாங்க சொல்லலப்பா" என்று அம்மாக்கண்ணு அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். உதறிவிட்டான். அவள் அம்மிக்கல்லில் போய் விழுந்தாள். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"கெழவா, எந்திரி." நேற்று வரை மாமா என்று கூப்பிட்ட வாய். சட்டையைப் பிடித்துத் தூக்கினான். செல்லசாமி முழங்காலில் நின்றார்.

"அவள நா ஒன்னும் சொல்லல மூக்கா. தொறந்தது நாந்தான். வெட்டிக்க." கட்டுப் போட்ட இரண்டு கையையும் நீட்டினார்.

கத்தி மேலே போனது. கிருஷாந்தி யோசிக்கவில்லை. தட்டிலிருந்த மாவை இரண்டு கையாலும் அள்ளி அடுப்புக்கு மேலே விசிறினாள்.

தீ கூரை வரை எழுந்தது. ஒரே நாக்காக, புஸ்ஸென்ற சத்தத்தோடு. அவளுடைய புருவமும் முன்முடியும் பொசுங்கின. கூரையில் ஒட்டடை எரிந்து விழுந்தது. மூக்கன் செல்லசாமியை விட்டுவிட்டுச் சுவரோடு போய் ஒட்டினான்.

"பாத்தீங்களா மச்சான்? ரெண்டு கை மா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அங்க நாலு மாசத்து மா. அப்பா கதவத் தொறந்ததுனால இல்ல. அக்கா சாக்க அடிச்சதுனாலயும் இல்ல. அந்த எடத்துல நெருப்பே இருந்திருக்கக் கூடாது. அக்கா களவெடுக்கல. மொதலாளிதான் எடுக்கச் சொன்னாரு. நா நாளைக்கிச் சொல்லுவேன்."

மூக்கன் அடுப்பைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். கத்தி கீழே இறங்கியது. முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும் கிருஷா?"

பிறகுதான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவும் மறுத்துச் சொல்லப்போவதில்லை. செல்லசாமியும் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தார்.

"கொழும்புக்குப் போனப்பவே தெரியும்."

"லெட்சுமிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எப்பிடிச் சொன்ன?"

"சிரிச்சிக்கிட்டு சொன்னேன் மச்சான்."

அவன் வெட்டினான். கழுத்துக்குத்தான் வீசினான். அவள் இடது கையைக் குறுக்கே கொடுத்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பில் போய்க் கத்தி நின்றது. வலிக்கவில்லை. ஏதோ கனமான பொருளைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. ரத்தம் மாத்தட்டில் கொட்டியது. செல்லசாமி ஊர்ந்து வந்து கட்டுப் போட்ட கைகளால் அந்த வெட்டைப் பொத்தப் பார்த்தார். அந்தக் கைகளுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. வெள்ளைக் கட்டு சிவந்ததுதான் மிச்சம். "அய்யோ எம் புள்ள" என்று சொல்லிச் சொல்லி நழுவினார்.

கத்தி தரையில் விழுந்தது. மூக்கன் அவரைத் தள்ளிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்தான். கவ்வாத்து மலையில் கத்தி தவறிப் பட்டவனுக்குக் கட்டுகிற கட்டு, முழங்கைக்கு மேலே, ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். ரத்தம் மட்டுப்பட்டது.

"அவளும் சிரிச்சாளா?" குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"அவதான் மொதல்ல சிரிச்சா."

"என்னா சொன்னா?"

"அப்ப அடுப்புல குண்டா சுடுறோம்னு கேட்டா."

 அது லெட்சுமி பேசுகிற பேச்சுத்தான். பெட்டியைக் குத்தியபோதும் அழாதவன், பிணத்தைக் குழியில் இறக்கியபோதும் அழாதவன், முறுக்கிய குச்சியை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். தோட்டத்து லொறி வந்து ஏற்றுகிற வரை அந்தக் குச்சியை அவன் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வார்டுக்குப் பொலிஸ் சார்ஜன் வந்தார். கூடவே முஹ்ஸினும் வந்தான். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நரம்பு அறுந்துபோனதால் இடது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னாள். சாக்கு எடுக்க முதலாளி அனுமதி கொடுத்தது, மாவை விறகு ட்ரையரில் காயவைத்தது, நான்கு மாதம் கூரையைக் கூட்டாதது. மாத்தூசி வெடிக்கும் என்று தனக்குப் பயிற்சியில் சொன்னார்கள், அதைத் தான் முதலாளியிடமும் அப்பாவிடமும் லெட்சுமியிடமும் விளையாட்டாகச் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள், தானும் சிரித்தாள். ஒன்றையும் விடவில்லை. சார்ஜன் இரண்டு தரம் நிறுத்தச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஸ்டோருக்குச் சீல் வைப்பாங்க" என்று முஹ்ஸின் தமிழில் சொன்னான். "ஓங்கட வாப்பாவும் உள்ளுக்குப் போவார். என்னோட சேர்ந்து."

"தெரியும்."

"நீங்களும்."

"அதுவுந் தெரியும்."

அவன் தையல் போட்ட நெற்றியைத் தடவினான். பிறகு, "நீங்க சொன்ன ஒண்டும் பொய்யில்ல" என்று மெல்லச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சார்ஜன் பேனாவால் அவளுடைய கட்டைக் காட்டினார். "இது?"

கதவுக்கு வெளியே நடையில் மூக்கன் குந்தியிருந்தான். நேற்றைய ரத்தம் காய்ந்த அதே சட்டை. தப்பி ஓட அவனுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தது. ஓடவில்லை.

"இதுவும் ஸ்டோர்ல பட்டதுதான் மாத்தயா."

"ஸ்டோர் வெடிச்சிப் பத்து நாளுக்கு மேலாச்சி, மகள்."

"ஆமா" என்றாள் கிருஷாந்தி. "அங்க பட்டதுதான். அதோடயே சேத்து எழுதுங்க."

சார்ஜன் கட்டைப் பார்த்தார். கதவுக்கு வெளியே குந்தியிருந்தவனைப் பார்த்தார். பிறகு குனிந்து, காயம்பட்டவர்களின் பெயர்களுக்குக் கீழே அவளுடைய பெயரையும் எழுதினார்.